மீன்தொட்டியும் கிணற்று நீரும்

வீட்டு விறாந்தையிலே ஒரு கண்ணாடித் தொட்டியை அமைத்து, அதிற் சில மீன்களை விட்டுப் பார்த்து மகிழும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் பல இல்லங்களில் உண்டு. புதிதாகத் தொட்டி வைப்போர் பலருக்கும் ஒரே வகையான துன்பமே நேர்கின்றது. முதல் வாரம் மீன்கள் துள்ளித் திரியும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும். நீரோ கண்ணுக்குத் தெளிந்தே இருக்கும். "மீன் ராசியில்லை" என்று கூறித் தொட்டியைக் கவிழ்த்து வைப்போரும் உளர்.

இதற்கு ராசி காரணமன்று. தொட்டியினுள்ளே தொடங்க வேண்டிய ஒரு வட்டம் தொடங்கவில்லை. அல்லது தொடங்கி இடைவழியில் நின்றுவிட்டது. அதனை நைதரசன் வட்டம் என்பர். மீனின் கழிவிலிருந்தும், உண்ணாது எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா தோன்றுகின்றது. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைத்திரைற்றாக மாற்றும். வேறொருவகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது, அளவோடு இருக்கும்வரை, பெரிய தீங்கு செய்யாது. இவ்வளவையும் மனிதன் அறிந்துகொள்வதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த வரலாற்றை அறிந்தவர்க்குத் தொட்டியில் நேரும் தடையின் காரணமும் விளங்கும்; நாம் நாள்தோறும் அள்ளிப் பருகும் கிணற்று நீரைப்பற்றிய ஓர் உண்மையும் விளங்கும்.

வரலாறு இலண்டன் மாநகரில் தொடங்குகின்றது. றொபேட் வாரிங்ரன் என்னும் இரசாயன அறிஞர், 1849ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ 12 கலன் நீர் கொள்ளும் ஒரு பாத்திரத்திலே பொன்மீன்களையும், வலிஸ்னேரியா என்னும் நாடா வடிவ நீர்ப்பூண்டையும் ஒருங்கே வளர்த்தார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைப் பூண்டு ஏற்று, மீனுக்கு வேண்டிய ஒட்சிசனைக் கொடுக்கும்; ஆகவே நீரை மாற்றாமலே இரண்டும் வாழும் என்பது அவர் கருத்து. ஆனால், பூண்டின் இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. அழுகலை உண்ணும் நீர் நத்தைகளை அவர் இட்டார், நீர் தெளிந்தது. தாம் கண்டவற்றை 1850ஆம் ஆண்டிலே இரசாயனச் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். வீட்டு மீன்தொட்டி என்னும் கலைக்கு அவரை முன்னோடிகளுள் ஒருவராகக் கூறுவது பொருந்தும்.

ஆயினும் அவருடைய விளக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தது. காற்றின் கணக்கை அவர் சரியாகவே பார்த்தார். கழிவின் கணக்கை முழுமையாகப் பார்க்கவில்லை. நத்தை அழுகலை உண்டால் நத்தையின் கழிவு எங்கே போகும்? அதிலிருந்து எழும் அமோனியா என்னவாகும்? அந்தக் காலத்தில் இவ்வினாவுக்கு விடை கூறவல்லார் ஒருவருமில்லர். அமோனியா நைத்திரேற்றாக மாறுவது காற்றினால் நிகழும் வெறும் இரசாயன மாற்றமே எனப் பலரும் எண்ணியிருந்தனர். அது நுண்ணுயிர்களின் தொழிலாகலாம் என்று 1862ஆம் ஆண்டிலே பாஸ்ரர் குறிப்பிட்டார். ஆனால் எவரும் அதனை நிறுவிக் காட்டவில்லை.

நிறுவிக் காட்டியவர்கள் பிரான்சு தேசத்து அறிஞர்களான ஷ்லோசிங், மியுன்ற்ஸ் என்னும் இருவர். ஆண்டு 1877. அவர்கள் செய்த பரிசோதனை மிக எளிது. ஒரு மீற்றர் நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்றிலே, நன்கு சுட்டெடுத்த மணலையும் சிறிது சுண்ணாம்புக்கற் பொடியையும் கலந்து நிரப்பினர். அதன்மேல் நாள்தோறும் நகரத்துச் சாக்கடை நீரைச் சிறிது சிறிதாக ஊற்றினர். முதல் இருபது நாள்களும் மேலே ஊற்றிய அமோனியா குறையாமல் கீழே வந்தது. இருபது நாள்களின் பின்னர் நைத்திரேற்றுத் தோன்றத் தொடங்கிற்று. நாளடைவில் அமோனியா முற்றாக மறைந்தது. வெறும் இரசாயன மாற்றமாயின் இருபது நாள் காத்திருப்பது எதற்காக? ஏதோ ஓர் உயிர் அங்கே குடியேறிப் பெருகுவதற்கே அத்தனை நாள்கள் சென்றன என அவர்கள் ஊகித்தனர். அதனை உறுதிசெய்வதற்காகக் குழாயினுள்ளே குளோரோபோம் ஆவியைச் செலுத்தினர். நைத்திரேற்று உடனே நின்றது. அமோனியா மீண்டும் கீழே வந்தது. குளோரோபோமை அகற்றிய பின்னரும் தொழில் தொடங்கவில்லை. நல்ல மண்ணைக் கழுவிய நீரிற் சிறிதளவை ஊற்றிய பின்னரே அது மீளத் தொடங்கிற்று.

நேயர்களே, இந்தக் குழாயைச் சற்று மனத்தில் நிறுத்துங்கள். புதிய மீன்தொட்டி பற்றிய பாடம் முழுவதும் இதனுள்ளே அடங்கியிருக்கின்றது. தொட்டி பழகுவதற்கு மூன்று வாரம், சிலவேளை ஐந்தாறு வாரம் செல்லும் என்பது ஒரு பாடம். கிருமிகொல்லி பட்டால் வட்டம் நின்றுவிடும் என்பது இன்னொன்று. பழகிய இடத்திலிருந்து சிறிது வித்து எடுத்து இட்டால் தொழில் விரைவில் தொடங்கும் என்பது மற்றொன்று.

அடுத்து வருபவர் பெயரும் றொபேட் வாரிங்ரன்தான். 1838ஆம் ஆண்டிற் பிறந்த இவர், பொன்மீன் வளர்த்த வாரிங்ரனின் மைந்தர். தந்தையார் மீன்தொட்டி அமைத்தபோது பதினொரு வயதுச் சிறுவன். வளர்ந்தபின் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலே இரசாயனவியலாளராகப் பணியாற்றினார். பிரெஞ்சு அறிஞர்களின் செய்தியைக் கேட்டு, அதனை மண்ணிலும் நீரிலும் ஆண்டுக்கணக்காகச் சோதித்தார். வெளிச்சம் இவ்வுயிர்களின் தொழிலைத் தடுக்கும் என்று கண்டார். தம் குடுவைகள் சிலவற்றிலே அமோனியா நைத்திரைற்றாகி, அங்கேயே நின்றுவிடுவதையும் கண்டார். முதற்படியைச் செய்யும் உயிர் வேறு, இரண்டாம் படியைச் செய்யும் உயிர் வேறு என்ற முடிவுக்கு இதுவே அவரை இட்டுச் சென்றது. இன்று வீட்டுத் தொட்டியிற் பலரும் காணும் அதே தடையை அவர் குடுவையிற் கண்டார் எனலாம். தந்தையார் விட்டுச் சென்ற இடைவெளியை மைந்தர் நிரப்பியது கல்வி வரலாற்றில் அருமையாக நிகழும் ஒன்று.

எனினும் அவ்வுயிர்களைத் தனித்தெடுக்க அவரால் இயலவில்லை. அச்சிறப்பு இரஷ்ய நாட்டவரான வினோகிராட்ஸ்கிக்கே உரியது. சூரிச் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவர், 1890ஆம் ஆண்டளவில் அவற்றைப் பிரித்தெடுத்தார். மற்றப் பற்றீரியாக்களை வளர்க்கும் சத்துணவுக் கூழில் இவை வளர மறுத்தன. அமோனியாவை ஒட்சியேற்றிப் பெறும் சக்தியைக் கொண்டு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டிலிருந்தே தம் உடலைக் கட்டிக்கொள்ளும் உயிர்கள் இவை. ஆதலாற்றான் இவற்றின் வளர்ச்சி மிக மந்தமானது. சாதாரணக் குடற் பற்றீரியா ஒன்று வாய்ப்பான சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகும்; இவை இரண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு நாளும் செல்லலாம். முதற்படி உயிருக்கு நைத்திரசோமோனசு என்றும், இரண்டாம் படி உயிருக்கு நைத்திரோபற்றர் என்றும் பெயர் வழங்கின.

ஒரு நூற்றாண்டுக் காலம் பாடநூல்கள் இவ்விரு பெயர்களையே கூறி வந்தன. பின்னர் மீன்தொட்டியே அந்தப் பாடத்தைத் திருத்தியது. 1996, 1998 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளியான ஆய்வுகள், நன்னீர்த் தொட்டிகளில் நைத்திரைற்றை மாற்றுவது பெரும்பாலும் நைத்திரோபற்றர் அன்று, நைத்திரோஸ்பைரா என்னும் வேறோர் இனமே எனக் காட்டின. 2005ஆம் ஆண்டில், சியாற்றில் நகரத்துக் கடல்வாழ் உயிரினக் காட்சிசாலையின் தொட்டியிலிருந்து, பற்றீரியாவே அல்லாத ஆர்க்கியா என்னும் தொல்லுயிர் வகையொன்று அமோனியாவை மாற்றுவது கண்டறியப்பட்டது. 2015ஆம் ஆண்டிலோ, இரண்டு படிகளையும் தனியொன்றே செய்யவல்ல நைத்திரோஸ்பைரா வகைகளை இரு ஆய்வுக் குழுவினர் அறிவித்தனர். ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம் மீன்பண்ணையொன்றின் நீர் வடிகட்டி.

இனி, இந்த வரலாற்றைக் கையிற் கொண்டு நமது தொட்டிக்கு வருவோம். வட்டம் நின்றுவிட்டதென ஐயுறுபவர் முதலிற் சோதிக்க வேண்டியது தொட்டி நீரையன்று, கிணற்று நீரை. தொட்டி நீரைச் சோதித்து, அதில் நைத்திரேற்று இருப்பதைக் கண்டு, "வட்டம் முடிந்தது; இனி மீனை விடலாம்" எனப் பிறநாட்டு நூல்களைப் படித்தவர் முடிவு செய்வர். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று முன்னதாகவே இருக்கின்றது. தொட்டியில் ஒரு நுண்ணுயிர்தானும் குடியேறாத முதல் நாளிலேயே அச்சோதனை நைத்திரேற்றைக் காட்டும். ஆகவே, கிணற்று நீரில் அமோனியா எவ்வளவு, நைத்திரைற்று எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு என்று அளந்து ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். அதன்மேல் ஏறியது எவ்வளவு என்பதே தொட்டியின் உண்மைக் கணக்கு.

மூன்று நான்கு வாரம் கழிந்தும் அமோனியா குறையவில்லையாயின், முதற்படி உயிர் குடியேறவில்லை என்பது பொருள். காரணங்களை ஒழுங்காக ஆராய்தல் நன்று. வெள்ளத்தின் பின்னரோ நோய்க் காலத்திலோ கிணற்றுக்குக் குளோரின் இடப்பட்டதா? குழாய் நீரானால் அதிலும் குளோரின் உண்டு. ஷ்லோசிங்கின் குழாயிலே குளோரோபோம் செய்ததை இங்கே குளோரின் செய்கின்றது. அத்தகைய நீரை அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் காற்றுக் குமிழி செலுத்தி ஓரிரு நாள் வைத்திருத்தல் வேண்டும். அல்லது மீன் கடைகளிற் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேர்த்தல் வேண்டும். வடிகட்டியின் பஞ்சைக் குளோரின் கலந்த நீரிற் கழுவினாலும், வெயிலிற் காயவைத்தாலும் குடியேறியவை மாண்டுபோம்; தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை அலசுதல் தகும். காற்றுக் குறைவும் ஒரு காரணமாகும். ஒரு மில்லிகிராம் அமோனிய நைதரசன் முற்றாக மாறுவதற்கு ஏறத்தாழ நாலரை மில்லிகிராம் ஒட்சிசன் செலவாகும். நமது வெப்ப நாட்டு நீர் இயல்பாகவே குறைந்த ஒட்சிசனைக் கொள்வது. மின்சாரம் தடைப்பட்டுக் காற்றுக்குழாய் நெடுநேரம் நின்றால் இவ்வுயிர்கள் வாடும்.

இதே மாற்றம் நீரின் காரத்தன்மையையும் உண்ணுகின்றது. கிணற்று நீர் சுண்ணாம்பு நிறைந்ததாகையால் வலிகாமத்துத் தொட்டிகளில் இத்தடை அரிது. உவர்நீருக்கு அஞ்சி மழை நீரைச் சேமித்துத் தொட்டியை நிரப்புவோர்க்கே அது நேரும். மழை நீரிற் சுண்ணாம்பு இல்லை. சில வாரங்களில் நீர் புளிப்புற்று, பி.எச். பெறுமானம் 6ஐ அணுகும்போது வட்டம் ஏறத்தாழ நின்றுவிடும். சுண்ணாம்புக்கல் துண்டொன்றைக் கழுவி வடிகட்டியில் இட்டால் அது படிப்படியாகக் கரைந்து குறையை நீக்கும். ஷ்லோசிங்கும் மியுன்ற்ஸும் மணலோடு சுண்ணாம்புப் பொடியைக் கலந்த அறிவு இங்கே பயன்படுகின்றது.

அமோனியா குறைந்து நைத்திரைற்று மட்டும் ஏறி நிற்குமாயின், இரண்டாம் படியிலே தடை. இரண்டாவது உயிர் இயல்பாகவே பின்தங்கி வருவது. பொறுமையே முதல் மருந்து. ஆனால் அமோனியா மிகுந்தால் அது இரண்டாவது உயிரை அடக்கிவிடும். நமது சுண்ணாம்பு நீருக்கு இது சிறப்பாகப் பொருந்தும். பி.எச். 7 ஆக இருக்கும் நீரில், கரைந்துள்ள அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவே நச்சு வடிவில் நிற்கும். 8 ஆகும்போது, நம் நாட்டு வெப்பத்தில், அது நூற்றுக்கு ஆறேழு பங்காக உயரும். ஆதலால், மீன் விடாமல் அமோனியாவை ஊற்றித் தொட்டியைப் பழக்குவோர் லீற்றருக்கு இரண்டு மூன்று மில்லிகிராமுக்குமேற் போகாதிருத்தல் நன்று. மீன் உள்ள தொட்டியாயின், உணவைக் குறைத்து, அமோனியாவோ நைத்திரைற்றோ அரை மில்லிகிராமைத் தாண்டும்போதெல்லாம் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை நீரை மாற்ற வேண்டும். நீரை மாற்றினால் நுண்ணுயிர்கள் போய்விடுமோ என அஞ்ச வேண்டியதில்லை. அவை கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழ்பவை. நோயற்ற பழைய தொட்டி ஒன்றிலிருந்து கைப்பிடி கல்லையோ வடிகட்டிப் பஞ்சையோ ஈரம் உலராமற் கொண்டுவந்து இடுதல் எல்லாவற்றிலும் சிறந்த பரிகாரம்.

நைத்திரைற்று மீனைக் கொல்வது எங்ஙனம்? அது செவுள்வழி குருதியிற் கலந்து, ஒட்சிசனைச் சுமக்கும் செந்நிறப் பொருளைக் கபில நிறமாக்கி, சுமக்கும் ஆற்றலை அழித்துவிடுகின்றது. நீரில் ஒட்சிசன் இருந்தும் மீன் மூச்சுத் திணறுவது அதனாலேயே. இவ்விடத்தில் நமது பேச்சு தொட்டியை விட்டுக் கிணற்றுக்குச் செல்ல வேண்டியதாகின்றது.

1945ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் கோம்லி என்பார், பண்ணை வீடுகளிற் சில பச்சிளங் குழந்தைகள் உடல் நீலம்பாய்ந்து மூச்சுத் திணறியதன் காரணத்தை வெளிப்படுத்தினார். கிணற்று நீரிற் கரைத்த பால்மாவை அவை உண்டிருந்தன. அந்நீரில் நைத்திரேற்று மிகுந்திருந்தது. சில மாதக் குழந்தையின் குடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, குருதியை அதே வகையிற் கெடுக்கின்றது. தொட்டியில் மீனுக்கு நேர்வதும் தொட்டிலிற் குழந்தைக்கு நேர்வதும் ஒரே நோய். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இக்குழந்தைகளைக் கருதியதே.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழை நீர் செம்மண்ணூடே இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளில் தங்கி, கிணற்றில் ஊறுகின்றது. மேலே காற்றோட்டமான மெல்லிய மண், கீழே சுண்ணாம்பு, மண்ணின்மேல் நாள்தோறும் எருவும் நீரும். எண்ணிப் பார்த்தால், குடாநாடு முழுவதும் ஷ்லோசிங்கின் கண்ணாடிக் குழாயே. தொட்டியிலே தொடங்க மறுக்கும் வட்டம் இந்த மண்ணிலே தடையின்றி ஓடுகின்றது. ஆனால் அது நைத்திரேற்று வரை ஓடி, அங்கே நின்றுவிடுகின்றது. நைத்திரேற்றை மீண்டும் வாயுவாக்கிக் காற்றில் விடும் பற்றீரியாக்களும் உண்டு. அவற்றுக்குக் காற்றில்லாத இடமும் உயிர்ச் சத்தும் வேண்டும். பாறை வெடிப்பிலே அவ்வாய்ப்புக் குறைவு.

துலா மிதித்து நீரிறைத்து, ஆட்டெருவும் சாணமும் இட்டு, பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்துப் புகையிலை செய்த காலத்திலும் இவ்வட்டம் ஓடியே இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயந்திரம் துலாவின் இடத்தைப் பெற்றது. இரசாயன உரம் பெருகிற்று. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டுத் தோட்டங்கள் செழித்தன. உரத்தின் அளவும் உயர்ந்தது. ஆழமற்ற மலகூடக் குழிகளும் கிணறுகளுக்கு அயலிலே பெருகின. 1983ஆம் ஆண்டு முதல் வெளியான ஆய்வுகள், தோட்டச் செய்கை செறிந்த பகுதிகளிற் பல கிணறுகள் எல்லையைக் கடந்துவிட்டதைக் காட்டின. சாணத்தின் நைதரசனையும் யூரியாவின் நைதரசனையும் பற்றீரியா வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. பயிர் உண்டது போக எஞ்சியது எதுவாயினும் கிணற்றையே சேரும்.

தொட்டியில் நைத்திரேற்று மிகுந்தால் நீரை மாற்றலாம். கிணற்றின் நீரை யார் மாற்றுவார்? மாரி மழை ஒன்றே அதனைச் செய்யவல்லது. அந்த மழையும் தோட்டத்தின் ஊடாகவே இறங்கி வருகின்றது. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. 2024ஆம் ஆண்டில் தாளையடியிலே கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஆயினும் கிணற்றை நம்பி வாழும் வீடுகள் இன்னும் பல. அவ்வீடுகளிற் பால்மாவிற் குழந்தை வளருமாயின், அந்த நீரைச் சோதிப்பித்தல் இன்றியமையாதது. பயிருக்கு வேண்டிய அளவே உரமிடுவதும், அதனைப் பலமுறையாகப் பகிர்ந்து இடுவதும், மலகூடக் குழியைக் கிணற்றுக்குத் தொலைவில் அமைப்பதும் அடுத்த தலைமுறைக்கு நாம் செய்யும் கடன்.

மீன்தொட்டி வாங்கும் இளைஞர் கையில் ஒரு சிறு சோதனைப் பெட்டி இருக்கும். அதிலுள்ள நைத்திரேற்றுச் சோதனை மீனுக்காக வாங்கியதாயினும், ஒருமுறை வீட்டுக் கிணற்று நீரிலும் அதனைச் செய்து பார்க்கட்டும். நிறம் கடுஞ் சிவப்பாக மாறுமாயின், அந்த நீரைத் தகுந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்பி அளவறிய வேண்டியது வீட்டுப் பெரியோர் பொறுப்பு.